நெடுவில்லைத் தேடுவது ஏன்? வில்வித்தை குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): ஒலிம்பிக் போட்டியில் எல்லாரும் ரீகர்வ் எனப்படும் சுருள்முனை வில்லையே பிடிக்கிறார்கள். ஆனால் பல ஆண்டுகள் பழகித் தேர்ந்த வில்லாளர்கள் பலர் ரீகர்வை வைத்துவிட்டு, லாங்போ எனப்படும் பழைய நெடுவில்லை எடுத்துக்கொள்கிறார்கள் என்று படித்தேன். வேகம் குறைந்த வில்லைத் தேர்ந்த கை ஏன் தேட வேண்டும்?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அது எந்தக் களத்துக்குப் பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் வில்வித்தை மீண்டும் சேர்க்கப்பட்டது முதல் இதுவரை அங்கே எய்யப்படுவது ரீகர்வ் வில்தான். 70 மீட்டர் தொலைவில் நிற்கும் 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கில், 12.2 சென்டிமீட்டர் நடுவட்டத்துக்குள் அம்பை இறக்க வேண்டிய போட்டி அது. குறிகாட்டி, வில்லின் அசைவைத் தணிக்கும் நீண்ட கம்பிகள், இழுப்பு முழுமை பெற்றதை ஒலியால் உணர்த்தும் கிளிக்கர் ஆகியவை பூட்டிய ரீகர்வின் முன் அங்கே நெடுவில் நிற்க முடியாது. நெடுவில்லை நாடுகிறவர்களின் களம் வேறு. குறிகாட்டி எதுவும் இல்லாமல், கண்ணையும் தோளையும் மட்டும் நம்பி, மேடும் பள்ளமுமான காட்டுப் பாதையில், தொலைவு சொல்லப்படாத இலக்குகளை எய்பவர்கள் அவர்கள். வில் வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. (நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆகையால் நமக்கு இது இலக்கோடு நிற்கும் கலை.)

இனி வில்லின் வடிவத்துக்கு வருவோம். பிடிக்கு மேலும் கீழும் வளைகின்ற பகுதிகளை வில்லாளர்கள் லிம்ப் என்பார்கள். நெடுவில்லில் இந்த லிம்ப் முனை வரை ஒரே போக்கில் செல்லும். நாண் ஏற்றிய பிறகு முனையிலுள்ள காடியைத் தவிர வேறெங்கும் நாண் வில்லைத் தொடாது. ரீகர்வில் லிம்பின் நுனி எய்பவருக்கு எதிர்த்திசையில் திரும்பிச் சுருண்டிருக்கும். நாண் அந்தச் சுருளின்மேல் சில அங்குல நீளத்துக்குப் படிந்து கிடக்கும். இரண்டு வில்களுக்கும் இடையிலான நிறை குறை அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

ரீகர்வின் பெருமையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாணை இழுக்கும்போது ஒவ்வோர் அங்குலத்திலும் நாம் செலுத்தும் விசையெல்லாம் சேர்ந்ததுதான் வில்லில் தேங்கும் ஆற்றல். ரீகர்வில் இழுப்பின் தொடக்கத்திலேயே விசை விரைவாக ஏறிவிடும். பிறகு நாண் சுருளை விட்டு மெல்ல எழும்போது நெம்புகோலின் நீளம் கூடியதுபோல ஆகி, கடைசி அங்குலங்கள் கனம் காட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். ஆகவே முழு இழுப்பில் இரண்டும் 45 பவுண்டு காட்டினாலும் ரீகர்வில் தேங்கிய ஆற்றல் கூடுதல். அம்பின் வேகமும் கூடுதல். இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை.

அப்படியானால் தேர்ந்தவர்கள் எதைப் பெறுவதற்காக இந்த வேகத்தை விட்டுக்கொடுக்கிறார்கள்? ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் தன்மையைப் பெறுவதற்காக. ரீகர்வின் லிம்ப் அகலமானது, தட்டையானது, மெல்லியது, நுனியோ சுருண்டது. இத்தகைய பட்டை முன்னும் பின்னும் அழகாக வளையும். ஆனால் பக்கவாட்டில் முறுக்கினால் எளிதில் இணங்கிவிடும். பிடித்த கை சற்றுத் திருகினாலோ, நாணை விடும் விரல்கள் நேராகத் திறக்காமல் நாணை ஒரு பக்கம் தள்ளினாலோ, லிம்பின் நுனி அந்தத் தவற்றை ஏற்றுக்கொண்டு அம்புக்குக் கடத்திவிடும். நெடுவில்லின் லிம்ப் அகலத்தில் குறைந்தது, தடிப்பில் மிகுந்தது. அதைப் பக்கவாட்டில் முறுக்குவது கடினம். கை செய்த அதே சிறு தவறு இங்கே இலக்கில் சிறு விலகலாக மட்டுமே தெரியும்.

குறிகாட்டி வைத்து, சமதரையில், கால் அடிகளை அளந்து நின்று எய்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படாது. ஆனால் சரிவில் ஒரு முழங்காலை ஊன்றி, வில்லைச் சாய்த்துப் பிடித்து, கிளைகளுக்கு நடுவே எய்ய வேண்டியிருக்கும்போது கை பாடத்தில் படித்தபடி இருக்காது. எத்தனை ஆண்டுகள் பழகினாலும் அந்த நிலையில் நாணை விடும் விரல்கள் சற்றுப் பிசகத்தான் செய்யும். பழகாதவர் அந்தப் பிசகை உணர்வதே இல்லை. பழகியவர்தான் தம்முடைய தவறு எங்கே பிறக்கிறது என்பதை அறிவார்; அந்த அறிவுதான் அவரை அந்தத் தவற்றைப் பெருக்காத வில்லைத் தேட வைக்கிறது. கேள்விக்கான விடையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். இரண்டு வகை வில்களையும் பல ஆண்டுகள் எய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னுடைய மிகச் சிறந்த அம்புகள் ரீகர்விலிருந்து சென்றிருக்கலாம், ஆனால் என்னுடைய மிக மோசமான அம்புகள் நெடுவில்லிலிருந்து சென்றவையாக இருந்ததில்லை.

நீளமும் ஒரு காரணம். வேட்டைக்கான ரீகர்வ்கள் பலவும் 58 முதல் 62 அங்குலம் வரை இருக்கும். நெடுவில் பெரும்பாலும் 66 அங்குலத்துக்கு மேல்தான். வில் குட்டையாக இருந்தால் முழு இழுப்பில் நாண் கூர்மையான கோணத்தில் மடங்கி, மூன்று விரல்களையும் ஒன்றோடொன்று நெரிக்கும். நெரிபட்ட விரல்கள் ஒரே நேரத்தில் திறக்கமாட்டா. நீண்ட வில்லில் கோணம் விரிவதால் விரல்கள் தளர்ந்து நிற்கும், விடுதல் தூய்மையாகும். ஒலிம்பிக் வில்லாளர்களும் 68, 70 அங்குல ரீகர்வ்களைத் தேர்வது இதே காரணத்தை ஒட்டித்தான்.

ஓசையும் எடையும் சிறிய செய்திகள். ரீகர்வில் நாண் திரும்பி வந்து லிம்பின்மேல் அறைவதால் ஒலி எழும். நெடுவில்லில் அறைய இடமே இல்லை. நெடுவில் கைக்கு இலேசானது என்பதால் நாள் முழுவதும் தூக்கி நடக்கலாம்.

அமெரிக்காவின் அலபாமாவில் 1899ஆம் ஆண்டு பிறந்த ஹோவர்டு ஹில் இந்த வில்லுக்கு மிகப் பெரிய சான்று. 1938ஆம் ஆண்டு வெளிவந்த ராபின் ஹூட் கதைப் படத்தில் திரைக்குப் பின்னால் நின்று உண்மையான அம்புகளை எய்தவர் அவர். மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த நேரான நெடுவில்களே அவருடைய அடையாளம். இன்றும் அந்த வடிவத்துக்கு அவர் பெயரையே வழங்குகிறார்கள். ஆனால் அவருடைய காலத்திலேயே வாழ்ந்து, அவருக்கு இணையாகப் புகழ்பெற்ற ஃபிரெட் பேர் ரீகர்வைத்தான் எடுத்துச் சென்றார். ரீகர்வ்களைச் செய்து நாடெங்கும் பரப்பினார். ஆகவே தேர்ந்தவர் என்றாலே நெடுவில் என்று விதி செய்துவிட வேண்டாம். தேர்ந்தவர்களில் நெடுவில்லை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன காரணங்கள் இருக்கின்றன. அவை பழமைமீது உள்ள பாசம் மட்டும் அல்ல என்பதே என் பதில்.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): துருக்கியர்களும் மங்கோலியர்களும் சுருள்முனை வில்லை அத்தனை நேர்த்தியாகச் செய்த காலத்தில், ஆங்கிலேயர்கள் மட்டும் ஆளுயர நேர்வில்லோடு நின்றது ஏன்? அவர்களுக்கு அந்தக் கலை தெரியாதா?

பதில்: ஒரு வில்லின் வடிவம் அது பிறந்த நிலத்தின் மழையையும் மரத்தையும் போர்முறையையும் பொறுத்தது. ஆசியப் புல்வெளியின் வில் மரம், கொம்பு, விலங்கின் தசைநார் மூன்றையும் விலங்குப் பசையால் ஒட்டிச் செய்வது. குதிரைமேல் இருந்து இருபுறமும் எய்ய வேண்டும் என்பதால் அது குட்டையாக இருந்தாக வேண்டும். குட்டை வில்லில் முழு இழுப்புப் பெறக் கொம்பும் நாரும் சுருள்முனையும் தேவை. ஈரம் அந்தப் பசைக்குப் பகை. ஆண்டு முழுதும் தூறிக்கொண்டிருக்கும் ஆங்கிலேய நிலத்தில், தரையில் நின்று எய்யும் காலாள்படைக்கு அத்தகைய வில்லால் என்ன பயன்?

அவர்களிடம் யூ மரம் இருந்தது. அதன் வைரம், அதாவது நடுமரம், அமுக்கத்தைத் தாங்கும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற மரம் இழுவையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்திருக்குமாறு ஒரு கட்டையைப் பிளந்து, வைரம் எய்பவர் பக்கமும் வெளிர்மரம் இலக்கின் பக்கமும் அமையச் செதுக்கினால், கொம்பும் நாரும் ஒட்டியதால் ஆசியர்கள் பெற்ற பயனின் ஒரு பகுதியை இயற்கையே பசையில்லாமல் ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. நல்ல யூ கட்டைகள் உள்நாட்டில் போதாமல் போகவே, 1472ஆம் ஆண்டு நான்காம் எட்வர்டு ஆட்சியில் வந்த சட்டம், கப்பலில் வரும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில் கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று வணிகர்களுக்கு ஆணையிட்டது. பிரான்சில் 1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் நடந்த போர்களில் பிரெஞ்சுக் குதிரை வீரர்களைத் தடுத்து நிறுத்தியவை இத்தகைய வில்கள்.

அந்த வில்களை இன்று நேரில் பார்க்கவே வாய்ப்பு இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கியது. 1982ஆம் ஆண்டு கடலிலிருந்து தூக்கி எடுக்கப்பட்டது. அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்களும் 3,500க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. வில்களின் சராசரி நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். அவற்றின் இழுவிசை 100 பவுண்டு முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். இன்றைய ஒலிம்பிக் ஆடவர் இழுப்பது சுமார் 50 பவுண்டு என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கப்பலில் கிடைத்த எலும்புகளில், தோள்பட்டை எலும்பின் நுனி முழுமையாக ஒன்றுசேராத நிலை வழக்கத்தைவிடக் கூடுதலானவர்களிடம் காணப்பட்டது. வளரும் பருவத்திலிருந்தே கனத்த வில்லை இழுத்ததன் விளைவு அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த எலும்புகளை நினைக்கும்போதெல்லாம், அந்த வில்லுக்கு அவர்கள் கொடுத்த விலை இன்னதென்று மனத்தில் உறைக்கிறது.

கேள்வி (வாசகர், மதுரை): நெடுவில்லை இவ்வளவு பாராட்டுகிறீர்கள். அதில் குறையே இல்லையா?

பதில்: இருக்கிறது, இரண்டு குறைகள் முதன்மையானவை. ஒன்று, கையில் ஏறும் அதிர்ச்சி. அம்பு எடுத்துச் செல்லாத ஆற்றல் லிம்பிலேயே தங்கி, அது நின்றதும் பிடியின் வழியாக மணிக்கட்டிலும் முழங்கையிலும் இறங்கும். ரீகர்வின் கனத்த பிடி இந்த அதிர்ச்சியை விழுங்கிவிடும்; நெடுவில்லின் மெல்லிய பிடியால் அது முடியாது. சற்றே கனமான அம்பை வைத்தால் வில்லின் ஆற்றல் அம்போடு கூடுதலாகச் சென்றுவிடும், கைக்கு வருவது குறையும். பிடியை இறுக்காமல், கட்டைவிரலின் அடிப்பகுதியில் வில்லைத் தாங்கி, முழங்கையைச் சிறிதே தளர விட்டு எய்யப் பழகுவதும் உதவும். நுனி இலேசாக இருக்கும்படி செதுக்கிய வில் அதிர்ச்சியைக் குறைவாகவே தரும். அதனால்தான் நல்ல வில் தச்சர்கள் நுனியைச் சுண்டுவிரல் அளவுக்கு ஒல்லியாக்குகிறார்கள்.

மற்றொன்று, அம்பைப் பற்றிய கறார். ரீகர்வின் பிடியில் நடுக்கோடு வரை, சிலவற்றில் அதையும் தாண்டி வெட்டி, அம்பு உட்கார இடம் செய்திருப்பார்கள். ஆகவே அம்பு ஏறத்தாழ நாண் செல்லும் நேர்கோட்டிலேயே கிடக்கும். மரபான நெடுவில்லில் அம்பு வில்லின் பக்கவாட்டில் ஒட்டிக் கிடப்பதால், நாண் நடுக்கோட்டுக்கு விரையும்போது அம்பு வில்லைச் சுற்றி வளைந்து வெளியேற வேண்டியிருக்கிறது. வில்லை விட்டு நீங்கியதும் அது மாறி மாறி வளைந்து, பிறகுதான் நிமிர்ந்து பறக்கும். அம்பு உண்மையிலேயே இப்படி நெளிகிறது என்பதை அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம் காட்டினார். இதன் பொருள், அம்பின் விறைப்பு அந்த வில்லின் இழுவிசைக்கு மிகச் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதே. வலக்கையால் நாணை இழுப்பவருக்கு, விறைப்பு மிகுந்த அம்பு இலக்கின் இடப்புறமும் விறைப்புக் குறைந்த அம்பு வலப்புறமும் போகும். நெடுவில் தன் வீரருடைய கைப்பிசகைப் பொறுத்துக்கொள்ளும், பொருந்தாத அம்பைப் பொறுத்துக்கொள்ளாது. நெடுவில் சரியில்லை என்று எனக்குக் கடிதம் எழுதும் பலரிடம் நான் முதலில் கேட்பது அவர்களுடைய அம்புகளைப் பற்றித்தான்.

கேள்வி (வாசகி, சேலம்): இந்த வில்லுக்குப் போட்டிகளில் இடம் உண்டா?

பதில்: உண்டு. உலக வில்வித்தை அமைப்பு நடத்தும் முப்பரிமாண இலக்குப் போட்டிகளில், அதாவது விலங்கு வடிவப் பொம்மைகளைக் காட்டுப் பாதையில் எய்யும் போட்டிகளில், நெடுவில்லுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. குறிகாட்டி கூடாது, அம்பின் தண்டு மரமாக இருக்க வேண்டும் என்பவை அதன் விதிகளில் முக்கியமானவை.

பழைய ஒலிம்பிக்கையும் நினைவுகூர வேண்டும். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனைச் சேர்ந்த குவீனி நியூவல் தம்முடைய 53ஆம் வயதில் பெண்களுக்கான வில்வித்தையில் தங்கம் வென்றார். அவர் எய்த காலம் நெடுவில்லின் காலம். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன், ஹோரஸ் ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1849ஆம் ஆண்டு தொடங்கித் தொடர்ச்சியாகப் பதினோரு ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்றார். 100, 80, 60 கெஜத் தொலைவுகளில் 288 அம்புகள் எய்யும் போட்டியில் 1857ஆம் ஆண்டு அவர் எடுத்த 1,251 புள்ளிகளைப் பிறகு பல தலைமுறைகள் நெருங்க முடியவில்லை. குறிகாட்டியும் கிளிக்கரும் இல்லாத மர வில்லால், 100 கெஜத்தில்! நெடுவில் துல்லியம் இல்லாதது என்று சொல்பவர்களுக்கு நான் ஃபோர்டின் பெயரையே பதிலாகத் தருவேன்.

கேள்வி (தந்தை ஒருவர், நாகர்கோவில்): என் மகனுக்குப் பதினான்கு வயது. வில்வித்தையில் மிகுந்த ஆர்வம். தேர்ந்தவர்கள் விரும்புவது நெடுவில் என்றால், அவனுக்கு முதலிலேயே அதை வாங்கித் தந்துவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. தேர்ந்தவர்கள் நெடுவில்லுக்கு வந்தது தங்கள் கையை அறிந்த பிறகு. உங்கள் மகனுக்கு இப்போது தேவைப்படுவது, தவற்றை உடனே காட்டிக் கொடுக்கும் வில். வளர வளர லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய வில். கழற்றிப் பூட்டும் ரீகர்வ் இதற்கு ஏற்றது. முதல் லிம்பின் இழுவிசை 18 அல்லது 20 பவுண்டுக்கு மேல் போக வேண்டாம். முப்பது அம்புகள் எய்த பிறகும் இழுத்த நிலையில் சில நொடிகள் நடுக்கமில்லாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்த லிம்ப். நாண் ஏற்ற அதற்கென்று உள்ள கயிற்றையே பயன்படுத்தச் சொல்லுங்கள். காலுக்கிடையில் வளைத்து ஏற்றினால் ரீகர்வின் லிம்ப் முறுக்கிக்கொள்ளும், பிறகு அதை நேராக்குவது எளிதன்று. அம்பில்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த ஆற்றல் முழுவதும் வில்லிலேயே பாய்ந்து லிம்பை உடைத்துவிடும்.

செலவைப் பற்றிய கவலை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. இந்திய வில்வித்தைச் சங்கத்தின் போட்டிகளில் இந்தியன் ரவுண்டு என்றொரு பிரிவு இருக்கிறது. அதில் மூங்கில் வில்லால் 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்கிறார்கள். நாட்டின் பல வீரர்கள் மூங்கில் வில்லில்தான் கையைப் பழக்கினார்கள். அந்த வில்லும் நெடுவில்லின் உறவுதான். மகன் நேர்வில்லைப் பிடித்தே ஆக வேண்டும் என்று விரும்பினால் அங்கே தொடங்கலாம்.

ஆங்கிலேயப் பாதிரியார் ஹியூ லாட்டிமர் 1549ஆம் ஆண்டு ஆறாம் எட்வர்டு மன்னர் முன்னிலையில் ஆற்றிய மறையுரையில் தம் தந்தையை நினைவுகூர்ந்தார். கைவலிமையால் மட்டும் இழுக்காமல் உடம்பின் முழு வலிமையையும் வில்லில் வைத்து இழுக்கத் தம் தந்தை கற்பித்தார் என்றும், தம் வயதுக்கும் வலுவுக்கும் ஏற்ற வில்லை வாங்கித் தந்து, தாம் வளர வளர வில்லையும் பெரிதாக்கினார் என்றும் சொன்னார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதுகுத் தசையால் இழுக்க அவன் பழகி, தன் விரல் எங்கே பிசகுகிறது என்று அவனே சொல்லத் தெரிந்த பிறகு, 66 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ஒரு நெடுவில்லை, ரீகர்வில் இழுத்ததைவிட ஐந்து பவுண்டு குறைத்து, அதற்குப் பொருந்தும் அரை டஜன் மர அம்புகளோடு வாங்கிக் கொடுங்கள். எய்து முடித்ததும் நாணை இறக்கி, வெயில் படாத இடத்தில் படுக்கையாக வைக்கச் சொல்லுங்கள். சுவரில் சாய்த்து வைத்த மர வில் வளைந்தே நின்றுவிடும்.